இல்லத்தரசிக்கு மாதம் எவ்வளவு?

பெண் பார்க்க வரும் கூட்டம் நிறம், உயரம், பின்னலின் நீளம் எல்லாவற்றையும் ஓரக்கண்ணால் அளந்து முடித்த பிறகு சமையல் பக்கம் திரும்பும். முன்பெல்லாம் நேராகவே கேட்டார்கள். இப்போது கொஞ்சம் நாகரிகம் கூடிவிட்டதால், "பஜ்ஜி பொண்ணு போட்டதா?" என்று சிரித்துக்கொண்டே விசாரிக்கிறார்கள். அழகைத் தாண்டியும் பெண்ணிடம் பார்க்க ஏதோ இருக்கிறது என்பது நம் ஊருக்குத் தெரியாத சங்கதி அல்ல. வரன் விளம்பரத்தில் அது "குடும்பப் பாங்கான" என்று சுருங்கிவிடும். முப்பது, முப்பத்தைந்து வருடம் கழித்து, கணவரின் பணி ஓய்வு விழா மேடையில் அதே சங்கதி இன்னொரு முறை தலைகாட்டும். "இவ இல்லைன்னா நான் இல்லை" என்று அவர் தழுதழுப்பார். அவருக்கு ஒரு பொன்னாடை, அம்மாவுக்கு ஒரு பொன்னாடை. பணிக்கொடைக் காசோலை மட்டும் ஒன்றுதான்.

அந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் அந்தப் பெண் செய்த வேலைக்கு ரூபாய்க் கணக்கில் என்ன மதிப்பு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அசிங்கம் என்று நினைக்கிறார்கள். ஆனால் கேட்டே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு: மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில், சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் அது நடக்கிறது. அங்கே கணக்கு பார்க்கும் முறை எளிது. இறந்தவரின் ஆண்டு வருமானத்தை எடுத்துக்கொள்வார்கள். அவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடிய பங்கைக் கழிப்பார்கள். மீதியை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள். 26-இலிருந்து 30 வயதுக்குள் என்றால் 17, வயது ஏற ஏற அது குறையும். வேலைக்குப் போனவர் இறந்தால் சம்பளச் சீட்டு இருக்கும். லாரி மோதி இறந்தவர் வீட்டிலிருந்த பெண் என்றால் "வருமானம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் பூஜ்யம் என்பார். பிள்ளைகளின் வக்கீல் ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார். நீதிபதி ஒன்றை எழுதியாக வேண்டும்.

வேறு எங்கும் வாய்விட்டுப் பேசப்படாத அந்த எண்ணின் கதை சுவாரசியமானது. பெண்ணை நம் சமூகம் எதை வைத்து மதிப்பிடுகிறது என்பதற்கு மேடைப் பேச்சைவிட நம்பகமான சாட்சி அது.

முதலில் சட்டம் சொன்ன விடை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-இல் சேர்த்த இரண்டாம் அட்டவணையில், சம்பாதிக்காத துணைவருக்கு ஒரு சூத்திரம் இருந்தது: சம்பாதிக்கும் துணைவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. பார்க்க நியாயம்போலத்தான் தெரியும். கொஞ்சம் யோசித்தால் வேடிக்கை புரியும். கணவர் மாதம் 6,000 வாங்கினால் மனைவியின் வேலை 2,000 பெறும். பக்கத்து வீட்டுக்காரர் 15,000 வாங்கினால் அங்கே அதே இட்லி, அதே துணி துவைப்பு, அதே மாமியார் மருந்து, ஆனால் 5,000. கணவருக்குப் பதவி உயர்வு வந்த மறுநாள் மனைவியின் உழைப்புக்கும் விலை ஏறிவிடும், அவர் ஒரு கரண்டிகூடக் கூடுதலாகப் பிடிக்காமல். இன்னாருடைய மனைவி என்பதுதான் அங்கே விலைச்சீட்டு. வேலை கணக்கிலேயே வரவில்லை.

இதற்கு ஐந்து வருடம் முன்னால் நடந்த ஒரு விபத்து, அந்தச் சூத்திரத்துக்கு வெளியே யோசிக்கும்படி நீதிமன்றத்தைத் தள்ளியது. 1989 மார்ச் 3, ஜாம்ஷெட்பூர். ஜாம்ஷெட்ஜி டாடாவின் 150-ஆவது பிறந்தநாள் விழா. பந்தலில் தீப்பிடித்து 60 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஊழியர்களின் மனைவிகளும் பிள்ளைகளும் அதிகம். இழப்பீட்டைக் கணக்கிடும் பொறுப்பு உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. இல்லத்தரசிகளின் சேவைக்கு அவர் போட்ட மதிப்பு ஆண்டுக்கு 12,000 ரூபாய். வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் போய், 2001-இல் தீர்ப்பு வந்தபோது அது மும்மடங்கானது. 34 முதல் 59 வயது வரையுள்ள இல்லத்தரசிக்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. கணவரின் சம்பளத்தைத் தொடாமல், வீட்டுவேலைக்கென்று தனியாக ஒரு தொகை. அது பெரிய மாற்றம்.

அதே தீர்ப்பில் 62 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்று குறைத்துப் போட்டார்கள். மகளும் மருமகளும் வேலைக்குப் போக, பேரக்குழந்தையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றி, இறக்கி, சோறு ஊட்டி, சளிக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கும் பாட்டிகள் இருக்கும் வீடுகளுக்கு அந்தக் கழிவு எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை. நம் நகரங்களில் பாதி சாஃப்ட்வேர் சம்பளம் அவர்கள் தயவில்தான் ஓடுகிறது.

2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தாயை விபத்தில் இழந்த ஒரு சிறுமி, எதிரே காப்பீட்டு நிறுவனம். தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். இலக்கிய வாசகர்களுக்கு இவரை வேறு விதமாகத் தெரியும்: ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். வீட்டுவேலைக்கு எப்படி மதிப்புப் போடலாம் என்று உலகத்தில் பேசப்படும் வழிகளை அவர் அந்தத் தீர்ப்பில் எடுத்து வைத்தார். ஒன்று, அந்தப் பெண் வீட்டில் இல்லாமல் வெளியே வேலைக்குப் போயிருந்தால் என்ன சம்பாதித்திருப்பார் என்று பார்ப்பது. இரண்டு, கல்யாணம் இருவரும் சம பங்காளிகளாக நடத்தும் கூட்டு என்று கொண்டு, வருமானத்தில் பாதியை அவருடையதாக எண்ணுவது. மூன்று, அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று கூட்டுவது.

மூன்றிலும் ஓட்டை உண்டு. முதல் வழியில் போனால் எம்.எஸ்சி. படித்தவர் வைக்கும் சாம்பாருக்கு எட்டாவது படித்தவரின் சாம்பாரைவிட விலை கூடும். இரண்டாவது, மறுபடி கணவரின் சம்பளத்தில் போய் நிற்கிறது, மூன்றில் ஒன்றுக்குப் பதில் இரண்டில் ஒன்று என்பதுதான் முன்னேற்றம். மூன்றாவதுதான் கேட்க நேர்மையாக இருக்கிறது. சமையலுக்கு ஆள், பாத்திரம் தேய்க்க ஆள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். ஆனால் அந்த ஆட்களுக்கே நம் ஊரில் என்ன கொடுக்கிறோம்? வீட்டுவேலைக்கு வரும் அக்காவுக்குக் கூலி குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், அது வீட்டுப் பெண்கள் காசில்லாமல் செய்யும் வேலைதானே என்ற எண்ணம். அந்தக் குறைந்த கூலியை எடுத்து வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு விலையாக வைத்தால், ஒரு அலட்சியத்தை இன்னொரு அலட்சியத்தால் அளந்ததாகிவிடும்.

அடுத்த ஆண்டு, 2010 ஜூலையில், உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. இறந்த பெண்ணின் கணவர் பொறியாளர், மாதச் சம்பளம் 15,416 ரூபாய். தீர்ப்பாயம் கொடுத்திருந்தது இரண்டரை லட்சம், உச்ச நீதிமன்றம் ஆறு லட்சமாக்கியது. தொகையைவிடப் பேசப்பட்டது நீதிபதி ஏ.கே. கங்குலி தனியாக எழுதிய பகுதி. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 36 கோடிப் பெண்கள் "வேலை செய்யாதோர்" பட்டியலில் வைக்கப்பட்டிருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். அந்தப் பட்டியலில் அவர்களோடு இருந்தவர்கள் யார் என்றால், பிச்சை எடுப்பவர்கள், பாலியல் தொழிலாளர்கள், சிறைக் கைதிகள். சென்னைத் தீர்ப்பையும் அவர் மேற்கோள் காட்டினார். நாடாளுமன்றம் இதில் தலையிட வேண்டும் என்றும் எழுதினார்.

கணக்கெடுப்பு அதிகாரிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் உலகளாவிய விதிமுறையே அப்படித்தான். வீட்டுத் தேவைக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தால், கோழி வளர்த்து முட்டை எடுத்தால், அது உற்பத்தி. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அந்த முட்டையை வேகவைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது உற்பத்தி அல்ல. பொருள் என்றால் உள்ளே, சேவை என்றால் வெளியே. சம்பளத்துக்குச் செய்தால் மறுபடி உள்ளே. ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் பிகோ நூறு வருடம் முன்பே இந்தக் கோளாறைக் கவனித்துச் சொன்னார்: ஒருவர் தன் வீட்டு வேலைக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும். வீட்டில் எல்லாம் முன்போலவே நடக்கும், சம்பளம் நின்றதால் கணக்கிலிருந்து மட்டும் அவர் காணாமல் போய்விடுவார். எல்லாரும் சிரித்தார்கள், விதியை மாற்றவில்லை.

ரூபாயை விடுங்கள், நேரத்தையாவது எண்ணலாம். இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. ஐந்து வருடம் கழித்து 2024-இல் மறுபடி எண்ணினார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. மிக்ஸி, குக்கர், வாஷிங் மெஷின் புண்ணியத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது என்று வைத்துக்கொள்வோம். ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகியிருக்கிறதே! இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201-க்கு வந்திருக்கிறது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்தச் சராசரி, வேலையில் கைவைத்தவர்களுக்கு மட்டும் எடுத்தது. 2019 ஆய்வு நடந்த நாளில் வீட்டுவேலையில் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்கள் 81 பேர். மற்ற 74 ஆண்கள் அந்த 97 நிமிடத்துக்குள்ளேயே வரமாட்டார்கள்.

இந்த ஆய்வை நீதிமன்றமும் கையில் எடுத்தது. 2014-இல் டெல்லியில் மோட்டார் சைக்கிளில் போன தம்பதி விபத்தில் இறந்தார்கள். இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் மிஞ்சினார்கள். உயர் நீதிமன்றம் 22 லட்சமாகக் குறைத்த இழப்பீட்டை 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 33.20 லட்சமாக உயர்த்தியது. நீதிபதி என்.வி. ரமணா தனியாக எழுதிய பகுதியில் 299-97 கணக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பில் வீட்டுவேலையே தன் முதன்மை வேலை என்று சொன்ன பெண்கள் கிட்டத்தட்ட 16 கோடி, ஆண்கள் 58 லட்சம் என்பதும் வருகிறது. கிராமத்துப் பெண் நாற்று நட்டு, அறுவடைக்குப் போய், மாட்டையும் பார்த்துக்கொள்வதை அவர் மறக்கவில்லை. 2024 பிப்ரவரியில் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது: இல்லத்தரசியின் வருமானத்தைத் தினக்கூலித் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே எப்படி வைக்க முடியும்? அதாவது 2024 வரை அப்படி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையும் இறந்தபிறகு. உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு?

2020 டிசம்பரில் கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம், ஆட்சிக்கு வந்தால் இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்று அறிவித்தது. காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் வரவேற்றார், நடிகை கங்கனா ரணாவத் அன்புக்கு விலைச்சீட்டு ஒட்டாதீர்கள் என்று சீறினார். ஒரு வாரம் ட்விட்டர் கொதித்து அடங்கியது. கங்கனா தரப்பைச் சொல்பவர்கள் நம் வீடுகளிலேயே ஏராளம், பெண்களும் அதில் அடக்கம். பாசத்தோடு பாடம் நடத்தும் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிறோம், அதனால் அவர் பாசம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. எனவே அந்த வாதம் அவ்வளவாக நிற்காது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் யோசிக்கவேண்டிய ஒன்றும் இருக்கிறது. சம்பளம் என்று கொடுத்துவிட்டால், சமையலறை பெண்ணின் நிரந்தர உத்தியோகம் என்று முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடாதா? பெண்ணியவாதிகளே எழுபதுகளிலிருந்து இதில் இரண்டு கட்சியாக நின்று வாதாடியிருக்கிறார்கள்.

மய்யம் ஆட்சிக்கு வரவில்லை. தி.மு.க. அரசு 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. உதவித்தொகை அல்ல, உரிமைத்தொகை, பெண்களின் கணக்கில் வராத உழைப்புக்கு அங்கீகாரம் என்று அரசு சொன்னது. அப்படியென்றால் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. நாளுக்கு 33 ரூபாய். 289 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 7 ரூபாய்கூடத் தேறாது. இதை வைத்துத் திட்டத்தைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் ஏ.டி.எம். வாசலில் அந்த ஆயிரத்தை எடுத்து, யாரிடமும் கணக்குச் சொல்லாமல் சிலிண்டருக்கோ பேத்தியின் கொலுசுச் சீட்டுக்கோ கட்டும் பெண்ணிடம் போய் இந்த வகுத்தலைச் சொன்னால் அவர் சிரிப்பார். அவர் பெயருக்கு என்று மாதாமாதம் வந்த முதல் பணம் பல வீடுகளில் அதுதான்.

அதே 2023-இல், மூன்று மாதம் முன்னதாக, ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு தீர்ப்புதான் இந்தக் கதையில் ஆகக் கனமானது. நெய்வேலிக் குடும்பம். 1965-இல் கல்யாணம், மூன்று பிள்ளைகள். கணவர் நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பிறகு சவூதிக்குப் போனார். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து 1994 வரை அங்கே. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் மீதியைச் சொல்லத் தேவையில்லை. வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒரு முறை பெட்டியோடு வந்து போகும் அப்பா. பள்ளிக்கூடம், காய்ச்சல், கடன்காரர், கல்யாணப் பேச்சு எல்லாவற்றுக்கும் அம்மா. அனுப்பிய பணத்தில் இங்கே இடம் வாங்கப்பட்டது, சிலது மனைவி பெயரில். திரும்பி வந்த கணவர், பணம் முழுக்க என்னுடையது, அவள் வெறும் பாதுகாவலர்தான், சொத்து எனக்கே என்று வழக்குப் போட்டார். மனைவியின் நடத்தை மீதும் பழி சுமத்தினார். பெண்ணின் கணக்கைத் தீர்க்க வேறு ஆவணம் கிடைக்காதபோது நம் ஊரில் முதலில் கைக்கு வருவது அதுதான்.

வழக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நடந்தது. கணவர் நடுவிலேயே காலமானார், பிள்ளைகள் அவர் இடத்தில் நின்று தாய்க்கு எதிராக வழக்கைத் தொடர்ந்தார்கள். இரண்டாவது மேல்முறையீட்டில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னதன் சாரம் இது: கணவர் எட்டு மணி நேரம் உழைத்தார், மனைவி இருபத்துநாலு மணி நேரமும் விடுமுறை இல்லாமல் மேலாளராக, சமையல்காரராக, வீட்டு வைத்தியராக, கணக்குப்பிள்ளையாக உழைத்தார். அவர் இங்கே அதைச் செய்திராவிட்டால் கணவர் அங்கே போய்ச் சம்பாதித்திருக்கவே முடியாது. ஆகவே சம்பாத்தியம் இருவருடையது, சர்ச்சையில் இருந்த முக்கியமான சொத்துகளில் மனைவிக்குச் சரிபாதி உண்டு. மனைவியின் பங்களிப்பை நேராக அங்கீகரிக்கும் சட்டம் எதுவும் இல்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்று நீதிபதியைத் தடுக்கும் சட்டமும் இல்லையே என்றார்.

விபத்துத் தீர்ப்பாயங்கள் முப்பது வருடமாகப் போட்ட கணக்கெல்லாம் கணவனும் பிள்ளைகளும் எதை இழந்தார்கள் என்ற கணக்கு. பணம் அவர்களுக்குத்தான் போனது. நெய்வேலித் தீர்ப்பில் அந்த உழைப்பின் பலன் உழைத்தவர் கைக்கே வந்தது. அப்போது அவர் மூதாட்டி.

சட்டப் புத்தகத்தில் இது இன்னும் ஏறவில்லை. கல்யாணத்துக்குப் பின் சேர்த்த சொத்து இருவருக்கும் பொது என்ற விதி இந்தியாவில் கோவாவில் இருக்கிறது, போர்த்துகீசியர்கள் விட்டுப்போன 1867-ஆம் வருடத்துச் சிவில் சட்டத்தின் தயவால். மற்ற இடங்களில் மகளுக்கு அப்பா சொத்தில் பங்கு உண்டு (தமிழ்நாடு 1989-இலேயே கொடுத்துவிட்டது), ஆனால் மனைவி கூட இருந்து சேர்த்த வீட்டில் அவர் பங்கு என்னவென்று சட்டம் வாய் திறப்பதில்லை. வீடு மாமனார் பெயரில் இருந்தால் நெய்வேலித் தீர்ப்பும் எட்டாது. சேர்க்கவே ஒன்றுமில்லாத கூலிக்காரர் வீட்டில் பாதி என்றாலும் பூஜ்யத்தில் பாதிதான்.

இதற்கிடையே 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் தள்ளுபடி. சார்பதிவாளர் அலுவலகங்களில் மனைவி பெயரில் பத்திரம் போடுவதற்கு இப்போது ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் உரிமையாளரின் பெயரா, கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட பெயரா என்பது பத்திரத்தில் எழுதியிருக்காது. தகராறு என்று வரும்போது, நெய்வேலியில் நடந்ததுபோல, சாட்சிக் கூண்டில் ஏறித்தான் சொல்லவேண்டியிருக்கும்.